குரலுக்கு ஒரு வாடகை வீடு

சென்னைக்காரர்களில் பாதிப் பேருக்குக் கும்மிடிப்பூண்டி என்பது ஒரு ஊர் அல்ல. மின்சார ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு பெயர். "அது ஆந்திராவுல இல்ல இருக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை சார், திருவள்ளூர் மாவட்டம்தான். எளாவூர், ஆரம்பாக்கம் எல்லாம் தாண்டினால்தான் ஆந்திரா.

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் ஏறி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர். எண்ணூர் தாண்டியதும் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எட்டிப் பார்க்கும். வடசென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று கொஞ்சம் பச்சை காட்டிவிட்டு, கடைசியில் சிப்காட். இரும்பு உருக்கும் ஆலைகள், கெமிக்கல் கம்பெனிகள், ஷிஃப்ட் விடும் சங்கு. டீக்கடையில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் 'சக்கரை கம்மி' கேட்கலாம்.

நான் போனது இரும்பு பார்க்க அல்ல. குரலுக்கு வீடு பார்க்க!

சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் பையன்கள் ஒரு ரூமில் ஐந்து பேர். ராத்திரி பத்தரைக்கு ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு சுடுவார்கள். (விளையாட்டில்தான், பயப்படாதீர்கள்.) இவர்களோடு வேலை மாறி ஓசூர் போனவன், ஸ்ரீபெரும்புதூர் போனவன், மஸ்கட் போனவன், பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, டொரொன்டோவில் இருக்கும் அவனுடைய மச்சான் என மொத்தம் பத்து பேர். மச்சானுக்கு அப்போது பட்டப்பகல். பத்து பேரும் ஒரே இடத்தில் கூடிப் பேச ஒரு குரல் சர்வர். அதை இலவச மென்பொருளான மம்பிளில் போட்டு, ஜெர்மனியில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து நடத்தியவன் மஸ்கட்காரன்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "மாசக் கடைசியோட கார்டை நிறுத்திடறேன் மச்சி" என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை செலவைக் குறைக்கிறார்.

"அண்ணே, விளையாட்டு போனா போகுது. வேற ஆட்டம் வரும். இந்தப் பேச்சு போச்சுன்னா நாங்க அவ்ளோதான். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்து வருஷமாச்சு" என்றான் ரோலிங் மில் தம்பி. எட்டு மணி நேரம் சூட்டில் நின்றுவிட்டு வந்தவன் சொல்லும்போது சிரிக்கத் தோன்றவில்லை.

சரி, வீடு பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

முதல் யோசனை, பெரிய அப்பார்ட்மென்ட். அதாவது டிஸ்கார்ட். 2015இல் வந்தது, இலவசம், வசதிகள் ஏராளம். ஆனால் சாவி நம்மிடம் இல்லை. 2024 அக்டோபரில் ரஷ்யாவும் துருக்கியும் அடுத்தடுத்த நாட்களில் அதைத் தடை செய்தன. அங்கே குடியிருந்த கூட்டமெல்லாம் ஒரே ராத்திரியில் நடுத்தெருவில். சேனல், நட்பு வட்டம் எதையும் பெட்டி படுக்கையோடு கிளப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

நமக்கும் இது புதிதா என்ன? 2020 செப்டம்பர் 2ஆம் தேதி 118 ஆப்களோடு பப்ஜி மொபைல் போயிற்று. அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் மறைந்து, 2023 மே மாதம்தான் திரும்பியது. விளையாட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு விளையாட்டோடு குரலும் போயிற்று. போன் நம்பர்கூட வாங்கி வைத்துக்கொள்ளாத சிநேகிதங்கள் எத்தனையோ!

இரண்டாவது யோசனை, சொந்த வீடு. "நம்ம ரூம்லயே பழைய லேப்டாப்ல போட்டா என்னண்ணே?" போடலாம். ஆனால் நம் வீட்டு இன்டர்நெட்டுக்குப் பெரும்பாலும் தனிக் கதவு எண் கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கம்பெனி பங்கு போட்டுக் கொடுக்கிறது. நாம் வெளியே போகலாம். வெளியாள் நம் கதவைத் தட்ட முடியாது. தனி எண் வேண்டுமென்றால் தனிக் காசு. அதற்கு மேல் கரன்ட் கட். அதற்கும் மேல், லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டு அந்த ப்ளக்கில் ரைஸ் குக்கரைச் சொருகும் ரூம் மேட்.

மூன்றாவது, வாடகை. எங்கே? இங்கேதான் பூகோளம் வருகிறது.

கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. வேகம்தான். ஆனாலும் ஜெர்மனி போய்த் திரும்ப 150 மில்லிசெகண்ட் வாக்கில் ஆகிவிடும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் பேசினாலும் அவன் குரல் ஜெர்மனி போய்விட்டுத்தான் உங்கள் ஹெட்போனுக்கு வரும்! சாதாரணப் பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அந்த விளிம்பில்தான் இவர்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள். இதில் 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் செங்கடலில் கேபிள்கள் அறுந்து, டேட்டா சுற்றுவழியில் போக வேண்டிவந்தது.

"அண்ணை, பின்னால ஆள் நிக்கிறான்" என்று முகாம் தம்பி கத்துவானாம். அது வந்து சேர்வதற்குள் இவன் செத்து, சாமான் சட்டையெல்லாம் பறிபோயிருக்கும்.

பத்தில் ஏழு பேர் சென்னையைச் சுற்றியே இருக்கும்போது ஜெர்மனி எதற்கு? 1870-71லேயே மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி போட்ட ஊர் இது. 2002இல் சிங்கப்பூருக்கு ஐ2ஐ கேபிள், 2005இல் சீ-மீ-வீ 4, 2020இல் அந்தமான் கேபிள். கம்பி கரையேறும் ஊரில் கம்ப்யூட்டர்களும் குடியேறின. வாடகைக் கம்பெனி 'சென்னை' என்று போட்டால் அது அம்பத்தூராகவோ சிறுசேரியாகவோ இருக்கும். திரும்பும் வழிதானே, அம்பத்தூரைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

பேசின் பிரிட்ஜில் இறங்கி, ஆவடி வண்டி பிடித்து, பட்டரவாக்கம். 1964இல் வந்த தொழிற்பேட்டை. 1997இல் பிறந்த திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, 2018இல் சென்னை மாவட்டத்துக்குத் தத்துப்போன பேட்டை. லேத்தும் போல்ட்டும் விளைந்த மண்ணில் இப்போது ஜன்னல் குறைந்த பெரிய பெரிய பெட்டிகள். 2024 ஜனவரியில் திறந்த ஒரு வளாகம் முழுசாக வளர்ந்தால் 100 மெகாவாட் வரை மின்சாரம் சாப்பிடுமாம். ரயிலில் பார்த்த புகைபோக்கி ஞாபகம் வந்தது.

அப்படி ஒரு பெட்டியின் கேட்டில் செக்யூரிட்டி மறித்தார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"யாரையும் இல்லீங்க. சும்மா இடம் பாக்க வந்தேன்."

"ரூமா? அந்தப் பக்கம் போங்க. மேன்ஷன் இருக்கு."

குரலுக்கு என்று சொன்னால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். வந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து அம்பத்தூர் நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். எனக்கு இரண்டரை மணி நேரம். ஒளிக்கு ஒரு மில்லிசெகண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆனால் ஒரு வில்லங்கம். உங்கள் சிம் ஒரு கம்பெனி, சர்வர் இருப்பது இன்னொரு கம்பெனி. இரண்டும் சென்னையிலேயே டேட்டாவைக் கைமாற்றிக்கொண்டால் நல்லது. அதற்காகத்தான் 2003இல் நிக்ஸி என்ற பொதுச் சந்திப்பே வந்தது. கைமாற்றாவிட்டால், அம்பத்தூர் போகிற டேட்டா மும்பையைப் பார்த்துவிட்டு வரும்! பையன்கள் பத்தரை மணிக்கு எல்லா சிம்மிலும் பிங் அடித்துப் பார்த்தார்கள். ஒரு சிம்மில் 8, இன்னொன்றில் 46. அட்வான்ஸ் கொடுக்குமுன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பதில்லையா, அது மாதிரி.

செலவு? பி.காம் படித்த கை சும்மா இருக்குமா! ஒருவர் பேச ஒன்பது பேர் கேட்டால், 40 கிலோபிட் வீதம் மணிக்குச் சுமார் 162 எம்.பி. சின்ன மெஷினே தாராளம். மாதம் சில நூறு ரூபாய், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பத்தால் வகுத்தால் ஆளுக்குச் சில டீக் காசு. 2022இல் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி, மெஷின் வாடகைக்கு விடுபவர் நம் பெயர், விலாசம், போன் எல்லாம் வாங்கி, கணக்கை முடித்த பிறகும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். ஹவுஸ் ஓனர்களே தோற்றார்கள்!

பையன்கள் செய்த புத்திசாலித்தனம் இரண்டு. ஒன்று, சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்கினார்கள். எல்லோர் போனிலும் அந்தப் பெயர்தான். நாளைக்கு வீடு மாறினால் பெயர் காட்டும் திசையை மாற்றினால் போதும், விலாசம் அதேதான். இன்னொன்று, மம்பிள் சர்வரின் அறைகள், ஆட்கள், யாருக்கு என்ன அதிகாரம் என்பதெல்லாம் சாதாரணமாக ஒரே ஃபைலில் இருக்கும். அதைப் பிரதி எடுத்து ரோலிங் மில் தம்பியும் ஓசூர்க்காரனும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். பாஸ்வேர்டும் இருவரிடமும். ஒருவருக்குக் கல்யாணமானாலும் இன்னொருவர் இருப்பார். இருவருக்கும் ஒரே முகூர்த்தம் வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாடகை எங்கே மலிவு என்றுதான் எல்லோரும் தேடுகிறோம். சாவி எத்தனை, யார் கையில் என்று கேட்பவர் குறைவு. பத்து பேரின் ராத்திரிப் பேச்சு ஒரு கிரெடிட் கார்டில் தொங்கக் கூடாது.

மாசக் கடைசிக்கு நான்கு நாள் முன்னதாகவே பால் காய்ச்சியாகிவிட்டது. டொரொன்டோ மச்சானுக்கு மட்டும் தாமதம் கொஞ்சம் கூடிவிட்டது. "பரவாயில்லை, நான் பேசவே வாறன்" என்கிறாராம். மற்றவர்களுக்குக் குரல் பளிச்சென்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது.

அதில்தான் இப்போது ஒரு சங்கடம். முன்பெல்லாம் ஆட்டத்தில் செத்தால் ஜெர்மனி மேல் பழி போடலாம். இனிமேல் முடியாது.