படுவான்கரையில் ஓர் அடுப்படி

மட்டக்களப்பு வாவி என்றதும் பாடும் மீன்களைப் பற்றித்தான் எழுதப்போகிறோம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். நாம் சென்றதோ பட்டப்பகல், மீன்கள் பாடவில்லை.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு முன்னோர் இட்ட பெயர்கள். முன்பெல்லாம் மண்முனைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். 2014-ல் பாலம் திறந்தபின் அக்கவலை இல்லை. பாலத்தின் நடுவே சற்று நின்றோம். இருபுறமும் நீர்; தலைமயிரைக் கலைக்கும் காற்று. காற்றுக்குப் பஞ்சமில்லாத நாடு என மகிழ்ந்தோம்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், அறிந்தவர் ஒருவரின் வீட்டு அடுப்படியில் நுழைந்ததும் அம்மகிழ்ச்சி அகன்றது. கிடுகால் வேய்ந்து, கிடுகாலேயே அடைத்த சிறு கொட்டில். கூரைச் சட்டங்கள் கரியேறி மினுங்கின. ஈர விறகு, ஊதுகுழலுடன் பெத்தா. நமக்குக் கண்ணீர் பெருகிற்று. அவர் சிரித்தார்.

"புகைக்குப் பயமா மனே? புகை பட்டாத்தான் கிடுகு உக்காது, நுளம்பும் வராது."

அதில் பொய்யில்லை. ஆனால், அருகே பாயில் உறங்கிய பேரனின் மார்பிலிருந்து மெல்லிய சீழ்க்கையொலி எழுந்துகொண்டிருந்தது. பெத்தாவுக்கும் பத்து எட்டு நடந்தால் முட்டு.

விறகு முற்றாக எரியாதபோது எழும் நுண்துகள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கும் இராது. நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். இத்தகைய வீட்டுப் புகையால் 2020-ல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2,37,000-க்கும் மேல்! நகரத்தார் நகைக்க வேண்டா. 2022-ல் எரிவாயு கிடையாதபோது மாடிவீடுகளிலும் விறகடுப்பு மூண்டதே.

விறகை உலர்த்தி எரிக்கலாம், புகை போக வழி வைக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் உடனே எழுந்து, வாவிப்பக்கத்து அடைப்பில் இரண்டு கிடுகுகளை உருவினார். புகை வளைந்து வெளியேறிற்று.

"காத்தடிச்சா அடுப்பு நூந்துருமே!" என்று பெத்தா முணுமுணுத்தார். குழந்தையின் பாயை மட்டும் தாமே திண்ணைக்கு மாற்றினார்.

உபதேசம் செய்த பெருமையோடு இரவு வீடு திரும்பினோம். யன்னல்கள் அடைத்திருந்தன. நம் பிள்ளைகளின் கட்டிலருகே நுளம்புச் சுருள் புகைந்துகொண்டிருந்தது! ஒரு சுருள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகளைக் கக்கும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் படித்தவர்கள்தாம் நாமும். சுருளை அணைத்து, பரணிலிருந்த நுளம்புவலையை இறக்கி உதறினோம். அதில் எத்தனை கிழிசல்! ஊசியும் நூலும் தேடவே நள்ளிரவாயிற்று.