கசடும் கனகமும்

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, துணி வெளுப்போரால் பெயர்பெற்ற ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி கடல்கடந்து விற்ற துணிகளை வெளுத்துத் தந்தவர்கள் இங்குக் குடியமர்ந்தனர். அழுக்கைப் பிரித்து வெண்மையை வெளிக்கொணர்வது அவர்தம் தொழில். இன்று இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த பகுதிகளிலும் பிரித்தெடுக்கும் தொழில் வேறு வடிவில் நடைபெறுகிறது. காயலான் கடைகளுக்குப் பழைய மின்கம்பிகளும் மோட்டார்ச் சுருள்களும் பழுதான கணினிகளும் வந்து சேர்கின்றன. அங்குள்ள தொழிலாளி செம்பை ஒருபுறமும் பித்தளையை ஒருபுறமும் அலுமினியத்தை ஒருபுறமும் இடுகிறார். நிறத்தாலும் எடையாலும் தட்டும் ஓசையாலும் உலோகத்தின் தரத்தை அறியும் பயிற்சி அவர் கைகளுக்கு உண்டு.

கழிவில் எஞ்சும் செல்வம்

அவர் கையில் உள்ள செம்பு எங்கிருந்து வந்தது? பூமிக்குள்ளிருந்து எடுத்த தாதுவை உருக்கும்போது 1 டன் செம்புக்கு ஏறத்தாழ 2 டன் கசடு வெளிப்படுகிறது. இரும்பும் மணற்சத்தும் மிகுந்த அக்கருங்கசடினுள் நூற்றில் ஒரு பங்களவு செம்பு சிக்கிக்கொள்வதுண்டு. உலகின் பல சுரங்கங்களில் தோண்டப்படும் தாதுவிலேயே அதைவிடக் குறைந்த செம்புதான் இருக்கிறது! எனவே கசடை மெல்லக் குளிரச் செய்து, பொடியாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுச் செம்பை மீட்கின்றனர். ஆப்பிரிக்காவின் சாம்பியாவில், முன்னோர் குவித்த கசடு மேட்டிலிருந்தே கோபால்ட் உலோகம் பெறப்பட்டது.

இதனினும் வியப்பானது மின்னாற்பகுப்புத் தொட்டியின் அடியில் படியும் சேறு. தூய்மையற்ற செம்புத் தகட்டை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், செம்பு கரைந்து எதிர்மின்வாயில் 99.99 விழுக்காடு தூய்மையுடன் படிகிறது. நிக்கல் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. எளிதில் கரையாத தங்கமும் வெள்ளியும் அடியில் படிகின்றன. செலினியமும் டெலூரியமும் அச்சேற்றிலேயே கலந்திருக்கின்றன. சூரியமின் தகடுகளுக்கு உதவும் டெலூரியத்தின் பெரும்பகுதி உலகிற்கு இச்சேற்றிலிருந்தே கிடைக்கிறது. சார்க்கண்டு மாநிலத்துக் காட்சிலாவில் 1930இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் இந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தின் உடைமையான செம்பு ஆலையும் இவ்வாறு பொன்னையும் வெள்ளியையும் மீட்டெடுத்தது.

காயலான் கடையிலிருந்து உருக்காலைக்கு

காயலான் கடைக்கும் உருக்காலைக்கும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஒரு டன் மின்சுற்றுப் பலகைகளில் உள்ள தங்கம், ஒரு டன் தங்கத்தாதுவில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. சுவீடனின் ரோன்ஷேர், செருமனியின் லூனன் ஆகிய ஊர்களின் செம்பு உருக்காலைகள் இப்பலகைகளையும் உலையில் இடுகின்றன. உருகிய செம்பு பொன்னையும் வெள்ளியையும் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. தூய்மையாக்கும்போது அவை சேற்றில் வந்து படிகின்றன. 2020ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் போட்டியின் பதக்கங்கள் அனைத்தும், மக்கள் அளித்த பழைய கைப்பேசிகள் முதலிய கருவிகளிலிருந்து மீட்ட உலோகத்தால் ஆனவை. அதற்கெனக் கிடைத்த தங்கம் மட்டும் ஏறத்தாழ 32 கிலோ.

யார் தரும் விலை?

மீட்பதற்கும் ஒரு விலை உண்டு. கம்பியின் மேலுறையைத் தெருவோரத்தில் எரித்துச் செம்பை எடுப்போர் நச்சுப்புகையைச் சுவாசிக்கின்றனர். பலகைகளை அமிலத்தில் நனைத்துப் பொன்னைத் தேடுமிடத்தில், எஞ்சிய அமிலமும் ஈயமும் மண்ணில் இறங்குகின்றன. சிறு அளவு பொன் கிடைக்கலாம். அதற்கு ஈடாக அத்தெருவின் குழந்தைகள் தம் உடல்நலத்தைத் தர நேர்கிறது.

பெரிய ஆலையாயினும் விழிப்பில்லையேல் இடர் நேரும் என்பதற்குத் தூத்துக்குடி சான்று. அங்குச் செம்பு உருக்காலையின் மாசுக்கு எதிராக மக்கள் பல்லாண்டு போராடினர். 2018 மே மாதம் போராட்டத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. உப்பாற்றங்கரை உள்ளிட்ட இடங்களில் கசடு கொட்டப்பட்டதும் அதற்குக் காட்டப்பெற்ற காரணங்களுள் ஒன்று. 2024இல் உச்சநீதிமன்றமும் அம்மூடலை உறுதிசெய்தது. செல்வம் பொதிந்த கசடே நீரோட்டத்தின் கரையில் கிடக்கும்போது கேடாகிறது.

மின்னணுக் கழிவுக்கென இந்தியாவில் 2011இல் முதன்முதலாக விதிகள் வகுக்கப்பட்டன. கருவியை உற்பத்தி செய்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. அப்பொறுப்பு, கழிவைப் பிரிக்கும் தொழிலாளி வரையிலும் சென்று சேர வேண்டும். கையுறையும் முகக்கவசமும் முறையான பணியிடமும் நிலையான கூலியும் அவருக்குக் கிட்ட வேண்டும். எரிக்கும் வேலையையும் அமிலத்தில் கரைக்கும் வேலையையும், புகையையும் கழிவுநீரையும் தூய்மையாக்கும் வசதியுள்ள ஆலைகளே ஏற்க வேண்டும். தரம்பிரிக்கும் நுட்பத்தில் பல்லாண்டு தேர்ந்த கைகள் வடசென்னையில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் கைகளைக் காத்துக்கொண்டு மீட்கும் பொன்னே, மாசற்ற பொன்.