கவலைக்கு வெகு தூரம்!

'தாய்லாந்து போறேன் சார், லீவு வேணும்' என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். மேலதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன் கண்ணாடிக்கு மேலாக உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்து சீட்காரர் அர்த்தத்தோடு செருமுவார். கேன்டீன் பையன்கூட 'என்ஜாய் பண்ணுங்க சார்' என்பான். அத்தனை பேருக்கும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நாங்கள் போனது ஹுவா ஹின். பாங்காக்கிலிருந்து தெற்கே ரயிலில் சுமார் நாலு மணி நேரம். பாங்காக்வாசிகள் பாட்டி, பேரன், ஐஸ் பெட்டி சகிதம் வந்து இறங்குகிற பரம சாதுவான ஊர்.

நாங்கள் என்றால் நானும் என் நண்பனும். திருவல்லிக்கேணியில் ஒரே மேன்ஷன், ஆபீஸில் ஒரே செக்‌ஷன். அந்த செக்‌ஷனைத்தான் இன்னொன்றோடு சேர்க்கப்போகிறார்கள் என்றும், யார் இருப்பார், யார் கிளம்புவார் என்கிற லிஸ்ட் வெள்ளிக்கிழமை வரும் என்றும் சொல்லியிருந்தார்கள். டிக்கெட்டோ நாலு மாதம் முன்பே மலிவு விலையில் எடுத்தது. கேன்சல் செய்தால் பைசா தேறாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஹுவா ஹின்னில்.

தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இதன் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கே பதினொன்று அடித்தால்தான் நம்ம ஆபீஸில் ஒன்பதரை. ஆறு மணிக்கு எழுந்துவிட்டால் ஐந்து மணி நேரத்துக்கு எந்த லிஸ்ட்டும் நம்மை ஒன்றும் செய்ய முடியாது!

மெரினா மாதிரியே கிழக்கு பார்த்த கடற்கரை. சூரியன் கடலிலிருந்துதான் எழுந்து வருகிறது. ஆனால் வளைகுடா என்பதால் மெரினாவின் ஆவேசம் கிடையாது. குளத்தில் யாரோ கால் கழுவுகிற மாதிரி ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். ஆழமும் இல்லை. இடுப்பளவு தண்ணீருக்கு நடக்கிறோம், நடக்கிறோம், நடந்துகொண்டே இருக்கிறோம்.

மணலில் மட்டக்குதிரைகளை வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். நண்பன் ஆசையாகப் போய் விலை கேட்டான். பாத்தை ரூபாயாக்கி மனசுக்குள் பெருக்கினான். முகம் மாறிவிட்டது. "இந்தக் காசுக்குத் திருச்சிக்கே போயிட்டு வந்துடலாம்டா!"

அவன் சுத்த சைவம். சைவம் என்பதற்கு அங்கே 'ஜே' என்று சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பச்சைப் பப்பாளியைத் துருவி, மிளகாய், எலுமிச்சையோடு உரலில் இடித்துத் தருகிற 'சோம் தம்' கடையில் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் கை காய்ந்த இறால் பக்கம் போனதுதான் தாமதம், இவன் எழுந்து நின்று பஜனை கோஷ்டி மாதிரி "ஜே! ஜே!" என்று கத்த, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாள் சிரித்துக்கொண்டே மீன் சாஸ் பாட்டிலையும் தள்ளி வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டதும் நண்பனுக்குக் கண்ணில் தண்ணீர். மிளகாய் விஷயத்தில் ஆந்திராவே அங்கே டியூஷன் எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வடக்கே கடலோரமாக ஓர் அரண்மனை. 'க்ளை கங்வொன்' என்று பெயர். 'கவலைக்கு வெகு தூரம்' என்று அர்த்தம்! 1920களின் கடைசியில் ஏழாம் ராமா என்கிற மன்னர் பிரஜாதிபோக் ஓய்வுக்காகக் கட்டியது. எத்தனை ஆசையாகப் பெயர் வைத்திருப்பார், பாருங்கள். 1932 ஜூன் 24ஆம் தேதி மனிதர் ஹுவா ஹின்னில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பாங்காக்கில் ராணுவ அதிகாரிகளும் சிவில் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜாவாக இருக்கச் சம்மதமா என்று கேள்வி. சம்மதித்தார். அழைத்துவரக் கப்பல் அனுப்பினார்கள். அதில் ஏறவில்லை. ரயிலில்தான் போனார். 1935இல் இங்கிலாந்தில் இருந்தபடியே முடி துறந்தார்.

இதை நண்பனுக்குச் சொன்னேன். "ராஜா வேலைக்கே கேரன்ட்டி இல்லை, நமக்கென்னடா?" என்று சிரித்தான்.

மத்தியானம் குடை நிழலில் சாய்வு நாற்காலி. தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சாதம், பக்கத்தில் மாம்பழத் துண்டுகள். நம்ம வீட்டில் மாம்பழத்தையும் சாதத்தையும் பிசைந்தால் 'குழந்தையாடா நீ' என்று பாட்டி திட்டுவார். அங்கே அதைத் தட்டில் அழகாக வைத்துக் காசு வாங்குகிறார்கள். சும்மா இருப்பது என்பதற்கு அவர்கள் அகராதியில் 'சபாய் சபாய்'. நண்பன் அதை நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போனான்.

மூன்றரைக்கு என் போன் அடித்தது. எங்கள் சீனியர்.

"உன் பேர் இருக்குப்பா."

"அவன் பேர் சார்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாசக் கடைசி வரைக்கும்தான். மூணு மாச சம்பளம் தர்றாங்களாம். நீயே பக்குவமா சொல்லிடு."

எதைச் சொல்ல? ராத்திரி வரைக்கும் மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பொழுதாவது நிம்மதியாக இருக்கட்டுமே. ஆனால் ஊரில் வேறு யாராவது மெசேஜ் அனுப்பி, அதை அவன் தனியாகப் படிப்பதை நினைத்தால் அது இன்னும் மோசமாகப் பட்டது. கோல்ஃப் மைதானத்தில் ராஜாவிடம் சேதி கொண்டுபோன ஆளை நினைத்துக்கொண்டேன். புல்தரையில் எத்தனை மெதுவாக நடந்திருப்பான், பாவம்!

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். முழங்கால்வரைதான் தண்ணீர். நடக்கிறேன், நடக்கிறேன், அவன் வருகிறபாடாக இல்லை. பாதி வழியிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"எனக்கு இல்ல, அப்படித்தானே?"

தலையாட்டினேன்.

"உனக்கு?"

"இருக்கு."

"அப்பாடா! மேன்ஷன் வாடகைக்கு ஒருத்தனாவது இருக்கே" என்றான். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடல் பக்கமே திரும்பி நின்றான். நானும் பேசவில்லை. அவன் தங்கை கல்யாணக் கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பது எனக்கு மனப்பாடம்.

பிறகு திரும்பினான். "ராஜா கடைசியில எதுல போனார்னு சொன்னே?"

"ரயில்ல."

"நான் குதிரைல போறேன்டா" என்றவன், விறுவிறுவென்று கரையேறி, விலைகூடப் பேசாமல் அந்தப் பழுப்புக் குதிரை மேல் ஏறி உட்கார்ந்தான்.