எட்டாம் வகுப்பில் கேட்ட ஒரு கேள்வி



பெரியதாழையில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு மக்னீசிய நாடா ஞாபகம் இருக்கும். இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் கண் கூசும் வெள்ளை ஒளி. பிறகு மிஞ்சும் வெண்சாம்பல், மக்னீசியம் ஆக்சைடு.

மக்னீசியம், கால்சியம் முதலான காரமண் உலோகங்களுக்கு "ரெண்டு கை" என்றுதான் இணைதிறனைச் சொல்லிக்கொடுத்தேன். மக்னீசியத்தில் 12 எலக்ட்ரான்கள்: 2, 8, 2. வெளியே உள்ள இரண்டையும் கொடுத்துவிடும். குளோரின் ஒன்றைத்தான் வாங்கும். அதனால் ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு குளோரின். நம் உப்பளத்தில் உப்பு வாரியபின் எஞ்சும் நீர் கசப்பது இந்த மாதிரி மக்னீசிய உப்புகளால்தான்.

அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "டீச்சர், ரெண்டு மக்னீசியமும் ஒரு கையால ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டா, மிச்ச கைக்கு ஆளுக்கொரு குளோரின் போதும்லா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அப்படியெல்லாம் கிடையாது. புத்தகத்துல இருக்கதைப் படி. உக்காருலே" என்றேன்.

போன மாதம் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "சித்தப்பா, பெரியம்மா யாரும் எனக்கு இப்படி ஒரு கேள்வி சொன்னதில்ல. அது இருக்கு பெரியம்மா" என்றான்.

2007-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கேமரன் ஜோன்ஸ் குழுவினர் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். இரண்டு மக்னீசிய அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. இடைவெளி சுமார் 2.85 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.

குளோரினோடு விட்டால் அந்தப் பிடி நிலைக்காது. ஒரு மக்னீசியம் மிச்ச எலக்ட்ரானையும் இழக்கும். மற்றது வெறும் உலோகமாகிவிடும். அதனால் குளோரினுக்குப் பதில், நைட்ரஜன் கொண்ட பெரிய மூலக்கூறு ஒன்றை ஒவ்வொரு மக்னீசியத்தோடும் சேர்த்தார்கள். திருவிழாச் சப்பரத்தைச் சுற்றி வாலிபர்கள் கைகோத்து நின்று கூட்டத்தை விலக்குவார்களே, அப்படி ஒரு காவல். காற்றும் ஈரமும் படாமல் வைத்தால் அது நிலைக்கிறது.

2018-இல், நம் சிப்பியிலும் சங்கிலும் உள்ள கால்சியம்கூட, கடுங்குளிரில் உறைந்த நியானுக்குள், எட்டு கார்பன் மோனாக்சைடைச் சேர்த்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறார்கள். அது எந்த வகைப் பிணைப்பு என்று மறு வருடமே அறிஞர்களுக்குள் விவாதம் எழுந்தது. அவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் ஒரு பையனை உட்கார வைத்துவிட்டேன்.

நான் சொன்ன விதியில் தப்பில்லை. பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. "நல்ல கேள்விலே, எனக்குத் தெரியல" என்று சொல்லாததுதான் தப்பு.

அவன் பிறகு படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போனான். அதற்கு வீட்டு நிலைமைதான் காரணம். என் ஒரு வார்த்தை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு என் வகுப்பில் அவன் கை தூக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும்.

தம்பி, இதை நீ வாசித்தாலோ, உன் பிள்ளைகள் வாசித்துக் காட்டினாலோ, டீச்சர் மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள். உன் கேள்வி சரியான கேள்வி.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, நாளைக்கு வகுப்பில் எல்லாரும் சிரிக்கிற கேள்வி ஒன்று வந்தால், நீங்கள் சிரிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்