பார்க்கிங்கில் ஒரு சனிக்கிழமை

பார்க்கிங்கில் வீடு எடுத்திருக்கிறோம் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "என்ன பிள்ளை, கார் விடுற இடத்திலையோ இருக்கிறியள்?" என்று மாமி பதறிப்போய்க் கேட்டார். அது ஓர் ஊரின் பெயர்தான் என்று விளங்கவைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இலண்டனின் கிழக்கே, ரோடிங் ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர் இது. ஈஸ்ற்ஹாமில் மரக்கறியும் கருவாடும் வாங்கிக்கொண்டு டிஸ்ரிக்ற் லைன் ரயிலில் ஏறினால் அடுத்த தரிப்பு பார்க்கிங். எம்மவர்கள் பலர் ஈஸ்ற்ஹாமோடு இறங்கிவிடுவதால் இந்த ஊரைப் பார்ப்பதில்லை. நாங்களும் வந்து பல மாதங்கள் வரை வீடு, வேலை, கடை, கோயில் என்பதற்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது மகளின் பாடசாலையிலிருந்து வந்த ஒரு கடிதம்.

மகள் 7 ஆம் ஆண்டில் படிக்கிறாள். அவள் வீட்டுப்பாடங்களை ஒழுங்காகச் செய்வதில்லை என்று அந்தக் கடிதம் சொன்னது. அதையும் அவளைக் கொண்டுதான் வாசிப்பித்தோம். வாசித்து முடித்ததும், வழமைபோல, முதலில் ஏசினோம். இவ்வளவு தூரம் வந்தது எதற்காக என்று கேட்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மம்மாவுக்குத்தான் விடயத்தைச் சொல்லியிருக்கிறாள். வீட்டுப்பாடம் எல்லாம் இணையத்தில் வருகிறது. வீட்டில் இணைய வசதி உள்ள கைத்தொலைபேசி ஒன்றே ஒன்று. அது அப்பாவுடன் இரவு வேலைக்குப் போய் விடியப்புறம் 7 மணிக்குத்தான் திரும்பி வரும். பள்ளிக்குப் புறப்பட முன்னர் கிடைக்கும் அரை மணித்தியாலத்தில், சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னத் திரையில் முடிந்ததைச் செய்திருக்கிறாள். "ஏன் எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டோம். "டேற்றாவுக்குக் காசு முடியும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள்.

எங்களுக்கு அன்று நித்திரை வரவில்லை.

அடுத்த கிழமை இருவருமாகப் பாடசாலைக்குப் போனோம். இந்தச் சங்கடத்தை முன்னரே சொல்லியிருக்கலாமே என்று ஆசிரியை ஆறுதலாகக் கேட்டார். பாடசாலை நூலகம் பின்னேரம் வகுப்பு முடிந்த பிறகும் திறந்திருக்கும், அங்கே கணினிகள் உண்டு, பிள்ளை அங்கிருந்தே வீட்டுப்பாடம் செய்யலாம் என்றார். அதோடு, சனிக்கிழமைகளில் ஊர்ப் பொது நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, அம்மம்மாவையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேருமாக நடக்கத் தொடங்கினோம்.

பார்க்கிங் ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகச் சில நிமிடங்கள் நடந்தால் நகரசபை மண்டபத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். அதற்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் ஒரு பக்கம் மரங்கள், இன்னொரு பக்கம் இடிந்த கோட்டைச் சுவர் போல ஒரு செங்கல் மதில். அந்த மதில் பழையதல்ல. பழைய கற்களைக் கொண்டு இந்த நூற்றாண்டில் புதிதாகக் கட்டியது. "சண்டையிலை இடிஞ்சதோ?" என்று அம்மம்மா கேட்டார். அழகுக்காகக் கட்டியது என்றோம். இடிந்த சுவரை அழகுக்காகவும் கட்டுவார்களா என்று அவருக்கு நம்பமுடியவில்லை.

சதுக்கத்தின் ஓரத்தில், மேலே குடியிருப்பு மாடிகளும் கீழே நூலகமுமாக நிற்கிறது பார்க்கிங் கற்றல் நிலையம். 2007 இல் திறக்கப்பட்டது. நூலகமும் வளர்ந்தோருக்கான வகுப்பறைகளும் ஒரே கூரையின் கீழ் அமைய வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட இடம். வாசலில் நாங்கள் தயங்கி நின்றோம். ஏதாவது அட்டை கேட்பார்களோ, விசாக் கடிதம் காட்ட வேண்டுமோ என்ற யோசனை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கதிரையில் இருப்பதற்கு எவரிடமும் உத்தரவு வாங்கத் தேவையில்லை என்பதே எங்களுக்குப் புதினமாக இருந்தது. பிறகு மேசையில் இருந்த பெண்மணியிடம் கேட்டு உறுப்பினராகச் சேர்ந்தோம். அதற்குப் பணம் இல்லை. புத்தகம் இரவல் எடுக்கவும் பணம் இல்லை.

இது யாரோ செய்யும் தர்மம் அல்ல. 1964 ஆம் ஆண்டு இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பொது நூலகம் நடத்துவது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. கணினிகள் வந்த கதையும் சுவையானது. தேசிய லொத்தர் சீட்டிலிருந்து கிடைத்த பணத்தில், 2002 ஆம் ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் சுமார் 4,000 பொது நூலகங்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்தார்கள். வீட்டில் கணினி இல்லாதவனும் பின்தங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்தக் குறை இன்னமும் தீர்ந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படிக்கக் கருவி இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. இங்கிலாந்து அரசு அடுத்த ஆண்டுக்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளையும் 'ரப்லெட்' எனப்படும் கையடக்கக் கணினிகளையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே வீட்டில் கருவி இல்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகள் ஒரு கணினியில் இருந்து தன் வேலையைத் தொடங்கினாள். சின்னவன் எங்களுக்குத் தன் பாடசாலை நூலகத்தைப் பற்றி விளக்கினான். முதலில் ஒரு சோதனை வைத்து, பிள்ளையின் வாசிப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கணினி சொல்லும். புத்தகங்களின் முதுகில் மட்டத்துக்கு ஏற்ற அடையாளம் ஒட்டியிருக்கும். தனக்கு ஏற்ற புத்தகத்தை எடுத்து வாசித்து முடித்ததும் ரப்லெட்டில் சில கேள்விகள் வரும். சரியான விடையைத் தொட வேண்டும். எத்தனை சரி என்று உடனே தெரிந்துவிடும். 'அக்ஸலரேற்றட் ரீடர்' என்ற இந்த முறை இந்நாட்டின் பல பாடசாலைகளில் உண்டு. புதிதாக வந்த பிள்ளைக்கு முதற்சோதனையில் குறைந்த மட்டம் வந்தால் பெற்றோர் மனம் சோரத் தேவையில்லை. அது பிள்ளையின் ஆங்கில வாசிப்பைத்தான் அளக்கிறது, மூளையை அல்ல. சோதனை பிறகும் வைக்கப்படும், மட்டமும் ஏறும்.

இன்னொன்றையும் அறிந்தோம். பாடசாலை நேரத்தில் கைத்தொலைபேசி பாவிக்க விடக்கூடாது என்று 2024 பெப்ரவரியில் கல்வி அமைச்சு இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. அப்படியென்றால் ரப்லெட் மட்டும் எப்படி என்று கேட்டோம். "அது பள்ளிக்கூடத்தின்ரை. படிக்க மட்டும்தான்" என்றான் சின்னவன். கையில் இருப்பது என்ன கருவி என்பதல்ல, அதை எதற்கு எடுக்கிறோம் என்பதே விடயம் என்று எட்டு வயதுப் பிள்ளை எங்களுக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள பார்க்கிங் மடத்தின் இடிபாடுகளுக்குப் போனோம். இது உண்மையாகவே பழையது. 7 ஆம் நூற்றாண்டில் பெண் துறவிகளுக்காகத் தொடங்கப்பட்ட மடம். அக்காலத்திலேயே இலத்தீன் படித்த பெண்கள் இங்கே இருந்தார்கள். அல்தெல்ம் என்ற அறிஞர் அவர்களுக்கென்றே இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். 12 ஆம் நூற்றாண்டில் இம்மடத்தின் கிளெமென்ஸ் என்ற துறவி ஒரு புனிதையின் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார்.

மடத்தின் ஒழுங்குகளைக் கூறும், சுமார் 1400 ஆம் ஆண்டளவிலான ஏடு ஒன்று இன்றும் ஒக்ஸ்போர்ட்டில் இருக்கிறது. அதில் ஒரு வழக்கம் சொல்லப்படுகிறது. ஆண்டுதோறும் தவக்காலத் தொடக்கத்தில் நூல்களுக்குப் பொறுப்பான துறவி ஒரு கம்பளத்தை விரித்து அதில் எல்லா நூல்களையும் பரப்பி வைப்பார். கடந்த ஆண்டு யார் எந்த நூலைக் கொண்டுபோனார் என்று பெயர் சொல்லி வாசிப்பார். ஒவ்வொருவரும் வந்து நூலைத் திருப்பி வைக்க வேண்டும். வாசித்து முடிக்காதவர் தலைவியின் முன் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு புதிய நூல் கிடைக்கும். மகள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "எங்கடை ரப்லெட் கேள்வியும் இதுதான்" என்றாள். இரவல் கொடுப்பதும், வாசித்தாயா என்று கேட்பதும் இந்த ஊரில் 600 ஆண்டுப் பழக்கம்.

1539 இல் அரசன் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடம் மூடப்பட்டது. கட்டடத்தை உடைத்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். நூல்கள் சிதறின. அவற்றில் சிலதான் மிஞ்சின. அம்மம்மா அந்தத் தாழ்ந்த சுவரில் கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். அவர் எதை நினைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நெருப்பு வைக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அந்த வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

பின்னேரம் திரும்பவும் நூலகத்துக்கு வந்தோம். மகள் அம்மம்மாவைத் தன் பக்கத்தில் இருத்தி, திரையில் தமிழில் 'நூலகம்' என்று தேடினாள். 2005 இல் ஈழத்து இளைஞர்கள் தொண்டாகத் தொடங்கிய இணைய நூலகம் அது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் படமெடுத்து, எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னரே 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. அம்மம்மா தன் தகப்பனார் சேர்த்து வைத்திருந்த ஈழகேசரிப் பத்திரிகையைக் கேட்டார். மகள் தேடி எடுத்தாள். மஞ்சள் பூத்த பக்கம் திரையில் வந்தது. அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊர் வாசிகசாலையில் வாசிப்பதைப் போலவே, வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். நாங்கள் மெதுவாக என்று சைகை காட்டினோம். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

அன்று எங்களுக்கு விளங்கியது ஒன்றுண்டு. இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகள் எங்களுக்காகக் கடிதம் வாசிக்கிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், வைத்தியரிடம் மொழிபெயர்க்கிறார்கள். தங்களுக்கு வேண்டியதை மட்டும் கேட்கமாட்டார்கள், செலவு தெரிந்த பிள்ளைகள். நாமாகவே கேட்டறிய வேண்டும்.

ஆகவே புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டில் கருவியோ இணையமோ இல்லையென்றால் பாடசாலைக்கு முதல் கிழமையிலேயே சொல்லிவிடுங்கள். பாடசாலை நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். சட்டப்படி ஒவ்வொரு பாடசாலையும் நூலகம் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்தில் இல்லை. அங்கே இல்லையென்றால் ஊர் நூலகம் உண்டு. பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். எளிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நீங்களும் இரவல் எடுங்கள். பெரியவர்களை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள்.

எங்கள் வீட்டுத் தொலைபேசி இப்போதும் இரவு வேலைக்குப் போய்த்தான் வருகிறது. மகள் பின்னேரங்களில் பாடசாலை நூலகத்தில் இருந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வருகிறாள். சனிக்கிழமை காலையில் முதலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவர் அம்மம்மா.