பெடலில் மிச்சம் எவ்வளவு?

ஹெலிகாப்டர் சோதனையில் ஜீப் ஓட்டுநருக்கு என்ன வேலை என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பெங்களூருவில் விடிந்தும் விடியாத நேரம், காற்று அசையாத அந்தக் கொஞ்ச வேளையில், ஓடுபாதையில் அவரை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது.

வெளிப்புறத்தில் புதிதாக ஒரு பெட்டி பொருத்தப்பட்ட சேத்தக் ஹெலிகாப்டர் அது. தரைக்குச் சற்று மேலே மிதந்தபடி பக்கவாட்டில் பறக்க வேண்டும். அப்போது அதன் சொந்த வேகமானி உதவாது. காற்றை வாங்கும் குழாய் முன்பக்கம் பார்த்து இருக்கிறது. அதனால் ஜீப் கூடவே ஓடும், விமானி ஜீப்பைப் பார்த்துப் பறப்பார்.

"17 நாட்னா மணிக்கு 31 கிலோமீட்டர் சார். யார் வேணும்னாலும் ஓட்டிடலாம். முள்ளு ஆடாம ஓட்டணும், அதான் கஷ்டம்" என்றார் ஓட்டுநர், தர்மபுரிக்காரர். ரேடியோவைப் பிடித்திருந்த பொறியாளர் "அண்ணே, இருபது" என்றதும் முள் இருபது நாட்டுக்குரிய இடத்தில் போய் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான்.

சேத்தக்கின் பெரிய விசிறி, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுற்றும். அதன் எதிர்விசையில் மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். வலது பெடலை மிதித்தால் வால் விசிறியின் மூன்று அலகுகளும் கோணம் கூடி அதைத் தடுக்கும். இடப்பக்கமாகப் பறக்கும்போது எதிர்க்காற்றும் மூக்கை இடப்பக்கமே தள்ளுவதால், வலது பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முழு வீச்சில் பத்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது சோதனைக் குழுவினர் வைத்திருக்கும் கணக்கு. கடினமான புள்ளிகளை முதலிலேயே, டாங்க் நிறைந்திருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். எரிபொருள் தீர்ந்து எடை குறைந்தால் மிச்சம் கூடுதலாகத் தெரியும்; அந்த எண்ணை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது.

வலப்பக்கம் பறந்தபோது பெடலில் மிச்சம் தாராளமாக இருந்தது. ஆனால் வால் விசிறி தள்ளும் காற்றை எதிர்க்காற்று திருப்பி அனுப்ப, விசிறி தன் சுழலிலேயே மாட்டிக்கொள்கிறது. மூக்கு ஒரு நிலையில் நிற்கவில்லை. விமானியின் கால்களும் ஓயவில்லை. இறங்கியபின் திரையில் பெடலின் கோட்டைப் பார்த்தேன்: இடப்பக்கப் பறப்பில் எல்லையை ஒட்டிய ஒரே நேர்கோடு, வலப்பக்கப் பறப்பில் ரம்பப் பல்.

கூப்பரும் ஹார்ப்பரும் 1969-ல் வெளியிட்ட 1 முதல் 10 வரையிலான அளவுகோலில் விமானி மதிப்பெண் போடுகிறார். எண் ஏற ஏற ஓட்டுவது கடினம். மிச்சம் குறைவாக இருந்த இடப்பக்கத்துக்கு நல்ல மதிப்பெண், மிச்சம் நிறைய இருந்த வலப்பக்கத்துக்கு மோசமானது. கருவி பிடிக்கும் ஆபத்து ஒன்று, கால் உணரும் ஆபத்து வேறொன்று. அறிக்கையில் இரண்டும் தனித்தனி வரியில் வருவது சரியென்றே எனக்குப் பட்டது. சராசரி எடுத்தால் இரண்டுமே மறைந்துவிடும்.

"இங்க பாஸாயிடும் சார்" என்றார் பொறியாளர். "இது 900 மீட்டர் உயரம்தானே. லடாக்ல லே 3,000 மீட்டருக்கும் மேல. அங்க காத்து லேசு, அதே வேலைக்கு இன்னும் மிதிக்கணும். இடப்பக்கம் என்ன மிஞ்சும்னு அங்க போனாத்தான் சொல்ல முடியும்."