நீலப் பொடி

கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என மூன்றே அமினோ அமிலங்கள். செம்பைப் பற்றிக்கொண்டால் நீலமாகிவிடும். இந்தப் பெப்டைடை 1973இல் லோரன் பிக்கார்ட் மனித இரத்தத்தில் கண்டறிந்தார். எங்கள் ஆய்வகத்தில் தோல் செல்களுக்குக் கொடுத்து, அவை கொலாஜன் சுரப்பதை அளக்கிறோம்.

அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னது என் தவறு. "புண்ணை ஆத்துமாமே, என் காலுக்குக் கொஞ்சம் அனுப்பேன்" என்றார். சர்க்கரைப் புண், ஆறு மாதமாக ஆறவில்லை.

குப்பியில் 'ஆய்வுக்கு மட்டும்' என்றிருக்கிறது. தூய்மை 98 விழுக்காடு. மீதி இரண்டில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கிருமி நீக்கியதும் அல்ல. தட்டில் வளரும் செல்களுக்குப் பரவாயில்லை. அம்மாவின் காலுக்கு எப்படி அனுப்புவேன்?

"டாக்டர்கிட்டயே காட்டுங்கம்மா" என்றேன்.

"இதச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போய்ப் படிச்சியா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.